மார்கழி 17, வியாழக்கிழமை

மாதச் சாமான் வாங்கும் வீடுகளுக்கு மளிகைக் கடைக்காரர் ஆண்டுதோறும் மார்கழியில் கொடுக்கும் தினசரி காலண்டரை வாங்கி வந்து, பழையதைக் கழற்றிய அதே ஆணியில் மாட்டுவதோடு எங்கள் வீட்டில் ஆங்கிலப் புத்தாண்டுக்கான சடங்குகள் முடிந்துவிடும். இவ்வாண்டு அட்டையில் திருச்செந்தூர் முருகன். அவருக்குக் கீழே கடையின் பெயர். அதற்கும் கீழே தகரப் பட்டை வைத்து இறுக்கிய தாள் கட்டு. நாள் முடிந்ததும் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பால் கணக்கையோ சிலிண்டர் பதிவு செய்த தேதியையோ எழுதிக்கொள்வது அம்மாவின் வழக்கம். ஜனவரி முதல் தேதித் தாளை மட்டும் நான் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வேன். அதில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் படித்து ஆண்டைத் தொடங்குவது எனக்குப் பல காலமாகப் பிடித்துப்போன பழக்கம்.

2026ஆம் ஆண்டின் முதல் தாள் இப்போது மேசை மேல் இருக்கிறது. அரசு விடுமுறை என்பதால் நடுவில் உள்ள பெரிய ‘1’ சிவப்பு மையில் இருக்கிறது. அதற்கு மேலே விசுவாவசு வருடம், மார்கழி 17, வியாழக்கிழமை. ஓர் ஓரத்தில் ஹிஜ்ரி 1447, ரஜப் மாதம். இன்னோர் ஓரத்தில் திருவள்ளுவர் ஆண்டு 2056. ராகு காலம் 1.30–3.00, எமகண்டம் 6.00–7.30, குளிகை 9.00–10.30. அடியில் சூலம் தெற்கு, பரிகாரம் தைலம். இவை போதாதென்று, அரசிதழில் அச்சாகும் தேசிய நாட்காட்டியின்படி அன்று பௌஷ மாதம் 11ஆம் நாள், சக ஆண்டு 1947. ஆம், சக ஆண்டுக் கணக்கில் நாம் வரும் மார்ச் 21 வரை 1947இல்தான் வாழ்கிறோம். மேகநாத் சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 அன்று நடைமுறைக்கு வந்த அந்த நாட்காட்டியை அன்றாட வாழ்வில் யாரும் பின்பற்றவில்லை என்றாலும், அதில் இப்போது ஓடும் ஆண்டெண் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சியைத் தருகிறது.

இத்தனை கணக்குகளில் அன்றைய நாளைப் புத்தாண்டு என்று சொல்வது அந்தச் சிவப்பு ‘1’ மட்டுமே. தமிழ் மாதக் கணக்கில் அது ஒன்பதாம் மாதத்தின் நடுப்பகுதி. ஹிஜ்ரியில் ஏழாம் மாதம். கேரளத்துக் கொல்லம் ஆண்டில் ஐந்தாம் மாதமான தனு. திருவள்ளுவர் ஆண்டிலோ அது கடைசி மாதம். வரவு செலவுக் கணக்கு எழுதுவோருக்கு நான்காம் காலாண்டின் முதல் நாள். வானத்தைப் பார்த்தால் அங்கும் தொடக்கம் எதுவும் தெரியாது. பகல் மிகக் குறுகும் நாள் டிசம்பர் 21, 22 தேதிகளிலேயே போய்விட்டது. தை பிறக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஜனவரி 1 என்பது முழுக்க முழுக்க மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாடு எப்படி நம் ஊர் வரை வந்து சேர்ந்தது என்பதைத் தேடிப் படித்த பிறகே எனக்கு அந்த நாளின் மீது மரியாதை பிறந்தது.

ரோமானியர்களின் பழைய ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கியது. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் கான்சல்கள் என்ற தலைமை அதிகாரிகள் மார்ச் நடுவில் பொறுப்பேற்பது வழக்கமாக இருந்தது. கி.மு. 153இல் ஸ்பெயின் பகுதியில் போர் மூண்டபோது, படைத்தலைவர் விரைவில் கிளம்ப வேண்டும் என்பதற்காகப் பதவியேற்பை ஜனவரி முதல் தேதிக்கு முன்கூட்டியே கொண்டுவந்தார்கள். அதன் பின் அந்தத் தேதியே நிலைத்துவிட்டது. பருவங்களோடு பொருந்தாமல் வெகுவாக விலகிப்போயிருந்த ரோமானிய நாட்காட்டியை ஜூலியஸ் சீசர் திருத்தியபோது, கணக்கை நேர்செய்வதற்காக கி.மு. 46ஆம் ஆண்டு 445 நாள் நீண்டது. அடுத்த ஜனவரி முதல் நாளில், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடும் ஜூலியன் நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது.

அதிலும் ஒரு சிறு பிசகு இருந்தது. ஆண்டின் நீளத்தை அது 365¼ நாள் என்று வைத்துக்கொண்டது. உண்மையில் பருவங்கள் திரும்பி வர அதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவாகவே ஆகிறது. 128 ஆண்டுக்கு ஒரு நாள் என்று அந்த 11 நிமிடம் சேர்ந்துகொண்டே போனதால், 1582இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி அக்டோபர் 4ஆம் தேதிக்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று அறிவித்து, 10 நாளை ஒரே இரவில் நீக்கினார். கத்தோலிக்க நாடுகள் உடனேயோ சில ஆண்டுகளிலோ ஏற்றுக்கொண்டன. டென்மார்க் 1700 வரை காத்திருந்தது. பிரிட்டன் 1752 வரை மறுத்தது. இங்கிலாந்தில் அதுவரை ஆண்டு பிறந்ததும் மார்ச் 25ஆம் தேதிதான். மாற்றத்தின் போது 1751ஆம் ஆண்டை டிசம்பரோடு முடித்துக்கொண்டதால் அந்த ஆண்டுக்கு 282 நாளே கிடைத்தது. மறு ஆண்டு செப்டம்பர் 2க்கு அடுத்து 14 வந்தது.

ஐரோப்பாவின் இந்த வழக்கு நம் கடற்கரையில் ஏற்படுத்திய நிலைமையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. சென்னை ஆங்கிலேயர் கையில், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில், தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்த காலம் அது. சென்னையில் பழைய நாட்காட்டி. புதுச்சேரியில் புதிய நாட்காட்டி. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவும், பதினெட்டாம் நூற்றாண்டின் கணக்கில் 11 நாள் வேறுபாடும் இருந்தன. 1746இல் லபூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையிடம் செயின்ட் ஜார்ஜ் கோட்டை சரணடைந்த நாள் ஆங்கிலேயர் ஏட்டில் செப்டம்பர் 10; பிரெஞ்சுக்காரர் ஏட்டில் செப்டம்பர் 21. தோற்றவரும் வென்றவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்திடும்போதுகூட அவரவர் தேதி வேறு.

கிழமை மட்டும் மாறவில்லை. இரு தரப்புக்கும் அன்று புதன்கிழமையே. நாட்காட்டித் திருத்தங்கள் மாதத்தை வெட்டின, ஆண்டைக் குறுக்கின; ஆனால் வாரத்தின் வரிசையில் கை வைக்கவில்லை. 1582இல் வியாழனுக்கு அடுத்து வெள்ளியே வந்தது. 1752இல் புதனுக்கு அடுத்து வியாழனே வந்தது. அந்தக் காலத்தில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே துணி வணிகம் செய்த நம் ஆட்களுக்கு இந்தக் குழப்பத்தில் சிக்க வேண்டிய தேவையும் அதிகம் இருந்திருக்காது. இரண்டு ஊரிலும் அது அட்சய வருடத்துப் புரட்டாசி மாதம். புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை ஆங்கில மாதத்தோடு தமிழ் வருடம், மாதம், தேதி ஆகியவற்றையும் சேர்த்தே குறித்துவந்தார். இன்று என் வீட்டுத் தாளில் உள்ள ஏற்பாடும் அதுவே. இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக நாம் கணக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிவருகிறோம். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுவிடவில்லை. இதை நான் பெரிய பண்பாட்டுச் செல்வமாகவே கருதுகிறேன்.

தேதியைப் போலவே மணிக்கும் ஒரு ஜனவரி முதல் தேதி உண்டு. 1906 ஜனவரி 1 அன்றுதான் இந்திய நேரம் என்ற பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ரயில்கள் பெரும்பாலும் மதராஸ் நேரப்படி ஓடின. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வகம் நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்த நேரம் அது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. புதிய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து 5½ மணி என்று வகுக்கப்பட்டதால், சென்னைக் கடிகாரங்களை 9 நிமிடம் முன்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. கல்கத்தாவும் பம்பாயும் தங்கள் சொந்த நேரத்தை விட்டுக்கொடுக்க நாடு விடுதலை பெறும் வரைக்கும், பம்பாய் அதற்குப் பின் சில ஆண்டு வரைக்கும்கூட எடுத்துக்கொண்டன. வானாய்வகத்தின் தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுகளோடு, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் இடையிலான இந்த வேறுபாடு என் தாளிலும் ஒளிந்திருக்கிறது. ராகு காலம் 1.30–3.00 என்று அச்சிட்டிருப்பது, சூரியன் சரியாக 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறைவதாக வைத்துக்கொண்டு, பகலை எட்டாகப் பிரித்த கணக்கு. முதல் பங்கில் ராகு காலம் வராது. மீதி ஏழு பங்கும் ஏழு கிழமைக்கு. ‘திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’ என்ற வாக்கியத்தைப் பாட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்று ஒவ்வொரு சொல்லின் தொடக்கமும் ஒரு கிழமையைக் காட்டும், 7.30 முதல் ஒன்றரை மணி நேரம் வீதம் நகர்ந்தால் அந்தந்தக் கிழமையின் ராகு காலம் கிடைத்துவிடும். ஆனால் சென்னையில் ஜனவரி முதல் நாள் சூரியன் உதித்தது ஏறக்குறைய 6.31க்கு, மறைந்தது 5.53 அளவில். முறைப்படி அந்தப் பகலை எட்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவாகவே வரும். வியாழக்கிழமை ராகு காலமும் 1.30க்குப் பதிலாக 1.37க்கு மேல் தொடங்கும். ராகு காலத்தில் நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் இருவருக்குமே இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். நேரம் குறித்துக் கொடுத்த முன்னோர்கள் கடிகாரத்தை நம்பவில்லை, அந்தந்த ஊரின் உதயத்தையும் அத்தமனத்தையும் நம்பினார்கள் என்பது அப்போது விளங்கும்.

உதயத்தைப் பற்றிச் சொல்லும்போது மார்கழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மார்கழி முழுவதும் விடியும் முன்னே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடும் அம்மா, ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சமயத்தில் ஒன்றைச் சொல்வார்: “மார்கழி முடியப் போகுது, பகல் வளருதுன்னு சொல்றாங்க, ஆனா காலையில இருட்டு இன்னும் கூடிக்கிட்டே போகுதே!” அவர் கவனித்தது முற்றிலும் சரி. டிசம்பர் 22க்குப் பின் பகல் நீள்வது உண்மையே; அந்த நீட்சி முழுவதும் மாலைப் பக்கத்தில் சேர்கிறது. சென்னையில் காலை உதயம் ஜனவரி மூன்றாம் வாரம் வரை தாமதமாகிக்கொண்டே போய், 6.36 அளவில் நின்று, அதன் பிறகே முன்னுக்கு வரத் தொடங்கும். சாயங்காலமோ நவம்பர் கடைசியிலேயே தன் மிக முந்திய அத்தமனத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கும்.

இதற்குக் காரணம் பூமியின் அச்சுச் சாய்வும் அதன் வேகமும். இந்த ஜனவரி 3ஆம் தேதி, திருவாதிரைக் களி வீட்டில் மணத்துக்கொண்டிருந்த அன்றே, பூமி தன் பாதையில் சூரியனுக்கு மிக அருகில் வந்தது. அப்போதைய தொலைவு ஏறத்தாழ 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். ஜூலையில் அது 15 கோடியே 21 லட்சம் ஆகிவிடும். பனி கொட்டும் காலத்தில்தான் நாம் சூரியனுக்கு 50 லட்சம் கிலோமீட்டர் நெருங்கி இருக்கிறோம் என்றால் பள்ளிப் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். குளிரையும் வெயிலையும் தீர்மானிப்பது பூமியின் சாய்வு. தொலைவின் பங்கு அதில் சிறிது. அருகில் வரும்போது பூமி விரைந்து செல்கிறது: நொடிக்கு 30.3 கிலோமீட்டர். ஜூலையில் 29.3. இந்த வேகமும் சாய்வும் சேர்ந்து, மார்கழியில் ஒரு நண்பகலுக்கும் அடுத்த நண்பகலுக்கும் இடையே 24 மணி நேரத்துக்கு மேல் ஏறக்குறைய அரை நிமிடம் கூடுகிறது. நாளுக்கு நாள் நண்பகல் தள்ளிப்போக, அதோடு உதயமும் தள்ளிப்போகிறது.

இந்த வேக வேறுபாடு நம் மாதங்களின் நீளத்திலேயே பதிவாகியிருப்பதை நான் நடுவயதில்தான் அறிந்தேன். வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கில் மார்கழிக்கு 29 நாளும் சுமார் 20 நாழிகையும் (ஒரு நாழிகை 24 நிமிடம்); ஆனிக்கு 31 நாளும் சுமார் 36 நாழிகையும். அதனால்தான் மார்கழி சில ஆண்டு 29 நாளிலேயே முடிந்துவிடுகிறது. ஆனி சில ஆண்டு 32 நாள் வரை இழுக்கிறது. பன்னிரண்டு ராசிகளும் சம அளவு; அவற்றைக் கடக்க ஆகும் நாட்களோ சமமில்லை. கோள்களின் பாதை நீள்வட்டம் என்றும், சூரியனுக்கு அருகில் அவை விரைகின்றன என்றும் கெப்ளர் எழுதியது 1609இல். அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே, நீள்வட்டம் என்ற எண்ணம் இல்லாமலே, கதிரவன் மார்கழியில் விரைந்தும் ஆனியில் தயங்கியும் செல்வதை அளந்து மாதங்களாக வகுத்துவிட்டார்கள். கிரேக்கத்தின் இப்பார்க்கஸும் கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே பருவங்களின் நீளம் சமமில்லை என்று அளந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். நல்ல கண்கள் எல்லா நாட்டிலும் இருந்தன.

அந்தக் கணக்கு எப்படிக் கைமாறி வந்தது என்பதற்கு ஒரு சான்று என் மனத்தை விட்டு அகலாதது. மதராஸ் வானாய்வகத்தைச் சில ஆண்டு கவனித்துக்கொண்ட ஜான் வாரன், ‘கால சங்கலிதம்’ என்ற நூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே, அவ்வாண்டு மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார். காகிதமும் எழுதுகோலும் அவருக்குத் தேவைப்படவில்லை. கிரகணத்தின் தொடக்கம் அவர் சொன்னதற்கு நான்கு நிமிட அளவே வேறுபட்டது; முடிவில் பிழை கூடுதலாக, 52 நிமிடம் வரை இருந்தது. தொடக்கம் துல்லியம், முடிவு பிசகு. இரண்டையும் மறைக்காமல் எழுதி வைத்ததால்தான் அந்தக் குறிப்பு இத்தனை மதிப்புப் பெறுகிறது. காலண்டர் தாளின் மூலையில் பொடி எழுத்தில் திதி, நட்சத்திரம், நாழிகை என்று காணும்போதெல்லாம் அந்தச் சோழிகள் என் கண்முன் வருகின்றன.

இனி வரும் தாள்களில் நான் எதிர்பார்ப்பது ஜனவரி 15. சில ஆண்டு பொங்கல் 14ஆம் தேதி வருகிறது, சில ஆண்டு 15ஆம் தேதி. இவ்வாண்டு 15, வியாழக்கிழமை. சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரம் ஒவ்வோர் ஆண்டும் ஆறு மணி நேரம் போலப் பின்னால் போய், லீப் ஆண்டுக்குப் பிறகு மறுபடி முன்னுக்கு வருவதால் இந்த மாற்றம். அதற்கு அடியில் இன்னொரு மெல்லிய நகர்வும் இருக்கிறது. நம் ஆண்டு நட்சத்திரங்களைச் சார்ந்தது. கிரகோரியின் ஆண்டு பருவங்களைச் சார்ந்தது. முன்னது பின்னதைவிட ஏறக்குறைய 20 நிமிடம் நீளம். அதனால் அறுபது, எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பொங்கல் ஆங்கிலத் தேதியில் தள்ளிப்போகிறது. சுவாமி விவேகானந்தர் 1863ஆம் ஆண்டு மகர சங்கராந்தி அன்று பிறந்தார். அந்த நாள் ஜனவரி 12. தை முதல் நாளும் உண்மையான உத்தராயணத் தொடக்கமும் ஏறக்குறைய 1,700 ஆண்டுக்கு முன் ஒரே நாளில் நிகழ்ந்தன; இப்போது அவற்றுக்கிடையே மூன்று வாரத்துக்கும் மேல் இடைவெளி.

இதைச் சொன்னபோது அம்மா கேட்ட கேள்வி இது: “அப்போ, நம்ம பேரப்பிள்ளைங்களுக்குப் பேரப்பிள்ளைங்க காலத்துல பொங்கல் எப்போ வரும்?” 16ஆம் தேதியும் 17ஆம் தேதியுமாக இருக்கும் என்றேன். அவர் அடுப்படிக்குப் போய், இவ்வாண்டுப் பொங்கலுக்கு வாங்க வேண்டிய வெல்லமும் மஞ்சள் கொத்தும் எவ்வளவு என்று, கிழித்த ஜனவரி 2ஆம் தேதித் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.